கோட்டுத் தாள் வந்தால் ஒளிய வேண்டாம்



இந்தப் பகுதியில் கொள்முதல், இருப்புக் கணக்கு, பங்காளி வியாபாரம் என்று எழுதி வந்திருக்கிறேன். பெரும்பாலும் அடுத்தவர்களுடைய அனுபவங்கள்தான். இந்த வாரம் என் சொந்தக் கதையை எழுதப் போகிறேன். எழுதலாமா, விடலாமா என்று பல வாரங்கள் யோசித்தேன். ஊரில் நாலு பேர் மதிக்கக் கடை நடத்துகிறவன், கடனட்டைக் கடனுக்காகக் கோட்டில் எதிராளியாக நின்றேன் என்று பத்திரிகையில் எழுதுவது இலேசான காரியமல்ல. ஆனால் அண்மையில் மூன்று சகோதரர்கள் அதே மாதிரியான தாளோடு என் கடைக்கு வந்தார்கள். ஒருவர் ஏறாவூர், ஒருவர் ஓட்டமாவடி, மற்றவர் எங்கள் காத்தான்குடி. மூவரும் செய்த முதற் பிழை ஒன்றுதான். தாளை வீட்டாருக்கும் காட்டாமல் பல நாட்கள் மறைத்து வைத்திருந்தார்கள். நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன். ஆகவே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல, பிளாஸ்டிக், அலுமினியச் சாமான் விற்கிற கடைக்காரன். இது ஒரு கடைக்காரன் கோட்டு வாசலில் கற்றுக்கொண்ட பாடம். உங்கள் வழக்குக்கு உங்கள் சட்டத்தரணி சொல்வதே சரி.

கடன் எப்படி வளர்ந்தது

2017ஆம் ஆண்டு ஒரு வங்கியிலிருந்து தம்பி ஒருவர் கடைக்கு வந்து, நான்கு இலட்சம் ரூபா எல்லையோடு கடனட்டை எடுத்துத் தந்தார். வட்டி ஹறாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. "மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டி விடுவேன், வட்டியே வராதே" என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படியே நடந்தது. புறக்கோட்டையில் சாமான் எடுக்கும்போது காசு குறைந்தால் அட்டையைத் தேய்ப்பேன். ஊர் வந்து விற்றதும் கட்டுவேன்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் வீதிக்கு வெளியூர்ச் சனம் வருவது நின்றது. அந்த மாதங்களை நான் விவரிக்க வேண்டியதில்லை, நீங்களும் அனுபவித்தவர்கள்தான். பிறகு 2020இலும் 2021இலும் கொரோனா முடக்கம். கடை பூட்டிக் கிடந்தாலும் வாடகையும் பொடியன்மாரின் சம்பளமும் நிற்கவில்லை. அப்போதுதான் அட்டையைக் காசு எடுக்கும் இயந்திரத்தில் போட்டுப் பணம் எடுக்கத் தொடங்கினேன். சாமான் வாங்கினால் தவணை நாள் வரை வட்டி இல்லை. காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதோடு தனிக் கட்டணமும். அதைக் கவனித்து வாசிக்கவில்லை.

மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டியின் உச்சத்தை 18 வீதமாகக் குறைத்திருந்தது. 2022 ஏப்ரலில் அந்த எல்லை நீக்கப்பட்டது. அந்த வருடமே பல அட்டைகளின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். சாமான் விலை மூன்று மடங்கு. வாங்க வருபவர் பாதி.

நான் மாதாமாதம் "ஆகக் குறைந்த கொடுப்பனவு" மட்டும் கட்டி வந்தேன். அது எப்படிப்பட்ட பொறி என்று ஒரு கணக்கைப் பாருங்கள். நிலுவை ஒரு இலட்சம் ரூபா, வருட வட்டி 30 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத வட்டி 2,500 ரூபா. ஆகக் குறைந்த கொடுப்பனவு ஐந்து வீதம் என்றால் 5,000 ரூபா. அதில் பாதி வட்டிக்கே போய்விடும். முதலில் குறைவது வெறும் 2,500. அடுத்த நாள் 3,000 ரூபாவுக்கு அட்டையைத் தேய்த்தால், 5,000 கட்டியும் கடன் கூடித்தான் இருக்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளிய கதைதான்.

2022 கடைசியில் கட்டுவதை அடியோடு நிறுத்தினேன். அப்போது அறிக்கையில் இருந்தது 385,000 ரூபா.

தாள் வந்த நாள்

நிறுத்திய பிறகு முதலில் தொலைபேசி அழைப்புகள் வந்தன. பிறகு வங்கியின் சட்டத்தரணியிடமிருந்து பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் வந்தது. 14 நாட்களுக்குள் கட்டாவிட்டால் வழக்கு என்று எழுதியிருந்தது. அதைக் காசு மேசை லாச்சிக்குள் போட்டேன். அங்கேதான் நான் பெரிய பிழை விட்டேன். கடிதக் கட்டத்தில் பேசியிருந்தால் வழக்குச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

2024 பெப்ரவரியில் ஒரு நாள் ளுஹர் தொழுதுவிட்டு வருகிறேன். கடையில் பிஸ்கால் உத்தியோகத்தர் ஒருவர் நிற்கிறார். மகன் பயந்துபோய், "வாப்பா, கோட்டிலிருந்து வந்திருக்கிறார்" என்றான். பக்கத்துக் கடைச் சிநேகிதர் என் காதோடு, "மச்சான், கையெழுத்துப் போடாதே. தாளை எடுக்காட்டி வழக்கு நடக்காது" என்றார்.

இந்தப் பேச்சு எங்கள் வாவிக்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. இது முழுப் பிழை. ஆளைச் சந்திக்க முடியவில்லை என்று பிஸ்கால் அறிக்கை கொடுத்தால், வீட்டுக் கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போகக் கோடு அனுமதிக்கும். அதோடு அழைப்பாணை சேர்ந்ததாகக் கணக்கு. பிறகு நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக விசாரணை நடக்கும், தீர்ப்பாணை வரும். கடைசியில் பிஸ்கால் மறுபடி வருவார். அப்போது கொண்டு வருவது கடைச் சாமான்களைக் கைப்பற்றும் கட்டளையாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி அப்படி இரண்டு தடவை பின்கதவால் போனவர். மூன்றாம் தடவை, சந்தை நாளில், சனம் பார்த்திருக்க, அவருடைய கடையில் சாமான் எண்ணினார்கள். கடனை விட அந்த ஒரு மணித்தியாலம்தான் அவரை முறித்தது. அவரை நினைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போட்டுத் தாளை வாங்கினேன்.

தாளில் எதைப் பார்ப்பது

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவ கோபிக்கவில்லை. "இதை எப்ப சொல்லுவீங்க என்றுதான் பார்த்திருந்தேன்" என்றா. வங்கி ஆட்கள் அவட கைத்தொலைபேசிக்கும் எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் மேசையில் தாளை விரித்து வைத்து வாசித்தோம்.

ஐந்து விடயங்களைப் பாருங்கள். எந்தக் கோடு? வழக்கிலக்கம் என்ன? எந்தத் திகதிக்குத் தோன்ற வேண்டும்? எவ்வளவு கேட்கிறார்கள், அதில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு? எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு? என்னுடையது மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றம். கேட்ட தொகை 712,000 ரூபா.

ஐந்தாவது கேள்விதான் ஆக முக்கியம். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் இரண்டு வழிகளில் வழக்குப் போடலாம். ஒன்று சாதாரண சிவில் வழக்கு. அதில் எதிராளி தோன்றி, தவணை எடுத்து, மறுமொழி அணைக்கலாம். அதன் பிறகே விசாரணை. தோன்றாமல் விட்டு ஒருதலைத் தீர்ப்பாணை வந்தாலும், அது கையில் கிடைத்து 14 நாட்களுக்குள், வர முடியாமற் போன நியாயமான காரணத்தைக் காட்டி, அதை நீக்கும்படி கேட்கலாம்.

மற்றது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டம். 1994இல் திருத்தப்பட்டது. கடன் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டால் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் இந்த வழியில் போகலாம். இதில் ஒழுங்கு தலைகீழ். வங்கி தன் முறைப்பாட்டோடு சத்தியக் கடதாசியையும் பத்திரங்களையும் அணைத்ததும், கோடு அவற்றைப் பார்த்துத் தற்காலிகத் தீர்ப்பாணை ஒன்றை முதலிலேயே தந்துவிடும். சட்டத்தரணிமார் அதை டிக்றி நைசை என்பார்கள். அதுதான் உங்கள் கைக்கு வருகிறது. அதாவது தீர்ப்பு அரைவாசி எழுதியாகி விட்டது. குறித்த திகதியில் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அது முழுத் தீர்ப்பாணையாகி விடும்.

இந்த வழக்கில் வெறுங்கையோடு போய், "ஐயா, கஷ்டம், தவணை தாருங்கள்" என்று சொல்வது போதாது. எதிர்த்துப் பேசுவதற்கே கோட்டின் அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதிக்கு மூன்று வாசல்கள். கேட்ட பணத்தைக் கோட்டில் கட்டுவது ஒன்று. கோடு போதுமென்று கருதும் பிணை கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, விசாரிக்கப்பட வேண்டிய ஒரு கேள்வி உண்மையாகவே இருக்கிறது என்று சத்தியக் கடதாசி மூலம் கோட்டைத் திருப்திப்படுத்துவது. எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றாவதுதான் திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடதாசியில் "நான் கடனில்லை" என்று மொட்டையாக எழுதினால் செல்லாது. எந்தத் தொகையை மறுக்கிறேன், ஏன் மறுக்கிறேன், என்ன ஆதாரம் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

பற்றுச்சீட்டுப் பெட்டி

மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் போனேன். தாளை வாசித்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி, "ஹாஜியார், கட்டின துண்டுகள் எல்லாம் இருக்கா?" என்பதுதான். நான் வழக்கைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "கதை பிறகு. துண்டுகளைக் கொண்டு வாங்க" என்றார்.

சாமான் வாங்கும் பில்லைக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற நான், அட்டையின் மாத அறிக்கையை ஒரு நாளும் வரி வரியாகப் பார்த்ததில்லை. அன்று மகனும் நானும் இஷாவிலிருந்து நடுச்சாமம் வரை பழைய பெட்டிகளைக் கிளறினோம். நான்கு விடயங்கள் வெளிவந்தன.

முதலாவது, 2022இல் நான் வங்கிக் கிளையில் காசாகக் கட்டிய இரண்டு தொகைகள், 40,000 ரூபாவும் 27,500 ரூபாவும், அறிக்கையில் எங்குமே இல்லை. முத்திரை குத்திய துண்டுகள் என்னிடம் இருந்தன. இரண்டாவது, நான் கேட்காத ஒரு காப்புறுதிக் கட்டணம் மாதாமாதம் கழிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, தாமதக் கட்டணம், எல்லை மீறிய கட்டணம், அவற்றுக்கு மேல் வட்டி என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கூரை வேய்ந்திருந்தார்கள். நான்காவது, 2021இல் எல்லையைக் கூட்டியதற்கு நான் கையெழுத்து வைத்த தாள் எதுவும் வழக்கோடு அணைக்கப்படவில்லை. எழுத்தில் இல்லாத வாக்குறுதியில் எழுந்த கடனுக்கு இந்த விசேடச் சட்டம் பொருந்தாது என்பதால், ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டுப் பார்ப்பது எதிராளியின் உரிமை என்று சட்டத்தரணி விளக்கினார்.

இதற்காகக் கடன் இல்லை என்று ஆகிவிடாது. 385,000இல் பெரும்பகுதி நான் எடுத்துச் செலவழித்த காசுதான். சத்தியக் கடதாசியில் கையெழுத்திடும் முன் சட்டத்தரணி என்னைப் பார்த்து, "பொய் ஒரு வரியும் இருக்கக் கூடாது" என்றார். நான் எடுத்ததை எடுத்தேன் என்றும், கட்டியதைக் கட்டினேன் என்றும், ஒப்புக்கொள்ளாததை இன்ன காரணத்தால் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் எழுதினோம். அந்தத் தாளில் கையெழுத்து வைத்தபோது, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதற் தடவையாக நெஞ்சு கனம் குறைந்தது.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வழியில்லாத சகோதரர்கள் மனம் தளர வேண்டாம். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் நிலையம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

காலக்கெடு என்ற கத்தி

கடன் வழக்குகளுக்கு வயது உண்டு. அதைச் சொல்வது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுத்திலான ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருடம். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் எதிராளி அதைக் காரணம் காட்டி மறுக்கலாம். ஆனால் அதை எதிராளிதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்து வைத்தாலோ, ஒரு சிறு தொகையைக் கட்டினாலோ, கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். மிகப் பழைய கடனுக்கு ஒருவர் வந்து, "ஆயிரம் ரூபா மட்டும் கட்டுங்க, பிறகு பார்ப்போம்" என்றால், அந்த ஆயிரத்தின் பெறுமதி ஆயிரமல்ல. கட்டுவதற்கு முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

என் கடனுக்கு ஆறு வருடம் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அந்த வாசலால் போயிருப்பேனா என்பது வேறு கேள்வி. கோட்டில் காலாவதியான கடன் அல்லாஹ்விடம் காலாவதியாவதில்லை. எடுத்த முதலைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு மேல் ஏற்றிய வட்டியையும் தண்டத்தையும் எதிர்ப்பது மனச்சாட்சிக்கு விரோதமல்ல.

மூன்று தப்பான ஆலோசனைகள்

வழக்கு என்று தெரிந்ததும் ஆலோசனை சொல்ல ஊரே வந்தது. அதில் மூன்று ஆபத்தானவை.

முதலாவது, பின்திகதியிட்ட காசோலை. கடன் அறவிட வந்த ஒரு தம்பி, "ஹாஜியார், பன்னிரண்டு செக் எழுதித் தாங்க, வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் செக் புத்தகத்தை எடுத்தும் விட்டேன். நல்ல வேளை, அன்று காகிதம் எழுதும் பேனா வேலை செய்யவில்லை. அதற்குள் சட்டத்தரணியின் அழைப்பு வந்தது. "ஒரு செக்கும் எழுத வேண்டாம்" என்று கடுமையாகச் சொன்னார். கடனட்டைக் கடன் சிவில் விவகாரம். ஆனால் கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே கொடுத்த காசோலை திரும்பினால், அது மேலே சொன்ன அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் குற்றம். நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், சிறைத்தண்டனையும் தண்டப்பணமும் விதிக்கப்படலாம். மறியலுக்கு வழியில்லாத கடனை மறியலுக்கு வழியுள்ள கடனாக மாற்றிக்கொள்ளும் வேலை அது. நிச்சயமாகக் காசு வரும் என்றிருந்தால் மட்டும் செக் எழுதுங்கள். "வந்தால் போடுவேன்" என்று எழுதாதீர்கள்.

இரண்டாவது, சொத்தை மாற்றி எழுதுவது. "கடையை மருமகன் பேருக்கு எழுதிவிடுங்க" என்றார் ஒருவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளையின் பெயரில் இருப்பது பரம்பரை வழக்கம்; அதில் தப்பில்லை. ஆனால் வழக்குத் தாள் வந்த பிறகு, கடன்காரருக்குக் கிடைக்கக் கூடாதென்று ஓடி எழுதும் உறுதியைக் கோடு இரத்துச் செய்யலாம். அப்படி மாற்றப் பார்க்கிறார் என்று சத்தியக் கடதாசி போட்டு, தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கும்படி வங்கி கேட்கவும் வழியிருக்கிறது. இளைய மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் காணி உறுதி அப்போது என் பெயரில்தான் இருந்தது. எத்தனையோ இரவு அந்த நினைப்பு வந்தது. மாற்றவில்லை. மாற்றியிருந்தால் என் சத்தியக் கடதாசியை நீதிபதி நம்பியிருக்க மாட்டார்.

மூன்றாவது, பொலிஸ் பயம். "நாளைக்குப் பொலிஸ் வரும்" என்று தொலைபேசியில் மிரட்டுவார்கள். அட்டைக் கடன் கட்டவில்லை என்பதற்காகப் பொலிஸ் வருவதில்லை. அடகு வைத்த சொத்தைக் கோட்டுக்குப் போகாமலே ஏலம் விடுகிற அதிகாரம் வங்கிகளுக்குத் தனிச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சாதாரண கடனட்டைக்கு நீங்கள் ஒன்றும் அடகு வைப்பதில்லை. கோட்டுத் தீர்ப்பாணை இல்லாமல் யாரும் கடைக்குள் வந்து சாமானில் கை வைக்க முடியாது. மனைவி பிள்ளைகளுக்கு அழைப்பு எடுத்து ஏசினால் திகதி, நேரம், இலக்கம் எழுதி வைத்து, முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு எழுதலாம். 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்றே ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன.

இணக்கம் எப்படி வந்தது

எங்கள் சத்தியக் கடதாசியும் இரண்டு துண்டுகளின் பிரதியும் கோட்டில் அணைக்கப்பட்டன. அனுமதி பற்றிய கட்டளை வருமுன்பே வங்கியின் சட்டத்தரணி பேச முன்வந்தார். தங்கள் கணக்கில் ஓட்டை இருப்பது அவர்களுக்கும் விளங்கியது. வழக்கு நீண்டால் அவர்களுக்கும் செலவுதான்.

பேசப் போகும்போது நான் ஒரு தாளில் கடையின் உண்மையான வரவு செலவை எழுதிக்கொண்டு போனேன். மாதம் முப்பதாயிரத்துக்கு மேல் என்னால் முடியாது. ஐம்பதாயிரம் என்று வாக்குக் கொடுத்து மூன்றாம் மாதம் முறிவதை விட, முப்பதாயிரம் என்று சொல்லிப் பன்னிரண்டு மாதம் நிற்பது மேல். கடைசியில் கணக்கில் வராத இரண்டு தொகையையும் சேர்த்து, காப்புறுதியையும் தாமதக் கட்டணங்களையும் தண்ட வட்டியையும் கழித்து, 420,000 ரூபாவுக்கு இணங்கினார்கள். முதலில் 60,000, பிறகு மாதம் 30,000 வீதம் பன்னிரண்டு தவணை. 60,000க்கு மனைவி தன் காப்புகளைக் கழற்றித் தந்தா. அதை நான் மறக்கவில்லை.

இணக்கத்தை வெளியே வாய்ப்பேச்சில் விடவில்லை. 2024 ஜூலையில் கோட்டுப் பதிவேட்டில் எழுத்தில் பதிந்தோம். தவணை தவறினால் முழுத் தொகைக்கும் கட்டளை எடுக்கலாம் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. ஆகவே ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன் வங்கியில் கட்டி, துண்டின் பிரதியைச் சட்டத்தரணிக்குக் கொடுத்தேன். தீர்ப்பாணைக்குப் பின் கோட்டுக்கு வெளியே கட்டும் காசைக் கோட்டுக்கு அறிவித்துப் பதிய வேண்டும். பதியாத காசைக் கட்டளை நிறைவேற்றும் கோடு கணக்கில் எடுக்காது. இது தெரியாமல் இரண்டு தரம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

2025 ஜூலையில் கடைசித் தவணை. கடன் முற்றாகத் தீர்ந்தது என்ற கடிதத்தை வங்கியிடம் கேட்டு வாங்கினேன். வழக்கு முடிந்ததைக் கோட்டிலும் பதிந்தோம். கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையையும் என் பெயரில் எடுத்து, கடன் தீர்ந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்தேன். கிரிப் என்று நாம் சொல்வது அதைத்தான். தன் அறிக்கையைத் தானே எடுக்க யாருக்கும் உரிமை உண்டு.

நமது கொப்பிக் கடன்

இந்த வழக்கு எனக்கு இன்னொரு கண்ணையும் திறந்தது. கடன்பட்டவனாக நின்ற நான், கடன் கொடுத்தவனும்தான். என் கடைக் கொப்பியில் ஆரையம்பதியிலிருந்து வாழைச்சேனை வரை சில்லறைக் கடைக்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதே 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில், விற்றுக் கொடுத்த சாமானுக்கும் கடைப் பில்லுக்கும் கொப்பிக் கடனுக்கும் காலக்கெடு ஒரே ஒரு வருடம்தான். வங்கிக்கு ஆறு வருடம். நமக்கு ஒரு வருடம். ஏன்? வங்கி கையெழுத்து வாங்குகிறது, நாம் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறோம்.

ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. குர்ஆனிலேயே ஆக நீளமான வசனம் அதுதான். அதற்கு இரண்டு வசனங்கள் முன்னே, கஷ்டப்படும் கடன்காரனுக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. எழுது என்பதும் பொறு என்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள்தான் நாம். இப்போது என் கடையில் 25,000 ரூபாவுக்கு மேல் கடன் என்றால் திகதி, தொகை, கட்டும் நாள் எழுதி இருவரும் கையெழுத்து வைக்கிறோம். யாரும் கோபித்துப் போகவில்லை. கட்ட முடியாமல் வந்தவரிடம் என் முப்பதாயிரம் ரூபாத் தாளைக் காட்டி, "உங்களால் முடிந்ததை எழுதுங்க" என்கிறேன். சிறு தொகைப் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. சட்டத்தரணிச் செலவில்லை, ஊரில் வைத்தே பேசி முடிக்கலாம்.

சகோதரர்களே, கையில் தாளோடு இதை வாசிப்பவர் யாராவது இருந்தால், இன்றிரவே வீட்டாருக்குச் சொல்லுங்கள். நாளைக் காலை துண்டுகளைத் தேடுங்கள். தாளில் உள்ள திகதிக்கு முன் சட்டத்தரணியிடம் போங்கள். செக் எழுதாதீர்கள், உறுதி மாற்றாதீர்கள், பொய் எழுதாதீர்கள். முடிந்ததைச் சொல்லி, சொன்னதைக் கட்டுங்கள்.

அந்தக் கடனட்டையை என்ன செய்தேன் என்று மகன் கேட்டான். இரண்டாக வெட்டி, தீர்வுக் கடிதத்தோடு சேர்த்து அதே லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். லாச்சியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணில் படட்டும் என்றுதான்.

வஸ்ஸலாம்.